நாரத்தை மரமும் நமது தோலும்

இந்தப் பாடத்தில் நாம் கற்க இருப்பவை:

1. நாரத்தை மரத்தை இனங்காணுதல்
2. பூ, இலை, காய்த்தோல் ஆகியவை தோலின் பராமரிப்புக்கு உதவும் விதம்
3. காய்ச்சாறும் வெயிலும் சேர்ந்தால் வரும் ஆபத்து
4. அடுப்படியில் பூநீர் வடித்தல்
5. இரவல் காணியில் இருந்துகொண்டே நாற்று வளர்த்தல்



ஒரு காட்சியை மனதில் நினைத்துப் பாருங்கள். இடம்பெயர்ந்த குடும்பம் ஒன்று இரவல் வளவில் கொட்டில் போட்டு இருக்கிறது. எட்டு வயது மகனுக்கு விரலிடுக்கிலும் மணிக்கட்டிலும் கடி. இரவில் சொறிந்து சொறிந்து நித்திரை இல்லை. வைத்தியசாலை தூரம், பஸ்ஸுக்குக் காசு இல்லை. வளவின் மூலையில் ஒரு நாரத்தை மரம் நிற்கிறது. "புளி பட்டால் சிரங்கு காய்ந்துவிடும், பிள்ளை" என்று அயலில் உள்ள ஒரு பெரியம்மா சொல்கிறார். தாயும் காயை வெட்டித் தோலோடு சேர்த்துத் தேய்த்து விடுகிறாள். எரிச்சலோடு அழுத பிள்ளை, சிறிது நேரத்தில் அதை மறந்து வெயிலில் விளையாட ஓடிவிடுகிறான்.

மறுநாள் தோல் சிவக்கிறது. மூன்றாம் நாள் தண்ணீர்க் கொப்புளம் எழும்புகிறது. கொப்புளம் ஆறிய பிறகும் கருமை மாதக்கணக்கில் மாறாமல் நிற்கிறது. முதலில் இருந்த கடியோ அப்படியே இருக்கிறது.

தாயின் அன்பில் குறை இல்லை. பெரியம்மாவும் நல்லதை நினைத்துத்தான் சொன்னார். மரத்தின் எந்தப் பகுதியை, எந்த நேரத்தில், எப்படிப் பாவிக்க வேண்டும் என்பதை இருவருக்கும் ஒருவரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதைச் சொல்லவே இந்தப் பாடம் எழுதப்படுகிறது.

மரத்தை இனங்காணுதல்

நாரத்தை தோடை, தேசி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. கிச்சிலி என்றும் சிலர் சொல்வர். பம்பளிமாசுக்கும் மண்டரின் தோடைக்கும் இடையில் பண்டைக் காலத்தில் ஏற்பட்ட கலப்பினாலே இம்மரம் உண்டாயிற்று என்று தாவரவியலாளர் கண்டுள்ளனர்.

பெயரை மட்டும் நம்பி மரத்தைத் தீர்மானிக்கக் கூடாது. ஓர் ஊரில் நாரத்தை என்று சொல்லும் மரம் மற்ற ஊரில் வேறாக இருக்கலாம். சிங்களத்தில் 'நாரங்' என்பது மண்டரின் வகையைக் குறிக்கும். ஆகவே கீழ்க்காணும் அடையாளங்களைப் பாருங்கள்.

- இலைக்காம்பின் இரு பக்கமும் சிறகு போல அகன்றிருக்கும். ஒரு சிற்றிலையின் நுனியில் பெரிய இலையை ஒட்டி வைத்தது போலத் தெரியும்.
- கிளைகளில் முள் உண்டு.
- பூ வெள்ளை நிறம்; ஐந்து இதழ்; விடியற்காலையில் வளவெங்கும் மணக்கும்.
- காயின் தோல் தடித்துக் கரடுமுரடாக இருக்கும். பழுத்தால் செம்மஞ்சள் நிறமாகும். நன்கு பழுத்த பழத்தை வெட்டினால் நடுவில் வெற்றிடம் காணப்படும்.
- சாறு நல்ல புளிப்பு. தோலின் உட்புறத்து வெள்ளைப் பகுதி கசப்பு.

தோடைக் குடும்பத்து மரங்கள் வரட்சியில் சிறிது காலம் வாடி நின்று, பின் மழையோ நீரோ கிடைத்ததும் பூத்துக் குலுங்கும். உங்கள் வளவில் அல்லது அயலில் உள்ள மரம் எந்த மாதத்தில் பூக்கிறது என்பதை ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பூ இருக்கும் காலம் குறுகியது. ஆயத்தமாக இருப்பவர்க்கே அது பயன்படும்.

பெயரும் மரமும் போன பாதை

அரபு மொழியில் இம்மரத்துக்கு 'நாரஞ்ச்' என்று பெயர். பாரசீகத்தில் 'நாரங்', சமஸ்கிருதத்தில் 'நாரங்க'. ஆங்கிலத்து 'ஒரேஞ்ச்' என்ற சொல்லும் இந்த வழியில் பிறந்ததே. இவை எல்லாவற்றுக்கும் மூலம் நமது நாரத்தையை ஒத்த ஒரு திராவிடச் சொல்லாக இருக்கலாம் என்று சொல்லாராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர். கீழை நாடுகளில் இருந்து அரேபியர் இம்மரத்தை மேற்கே கொண்டு சென்றனர். 10ஆம் நூற்றாண்டளவில் அது மத்தியதரைக் கடலோர நாடுகளில் வேரூன்றியது. ஸ்பெயின் நாட்டின் செவில் நகரத் தெருக்களில் இன்றும் இம்மரமே நிழல் தருகின்றது.

இம்மரத்தின் பூவால் பெயர்பெற்ற ஊர் வட ஆபிரிக்காவில் உள்ளது. துனீசியா நாட்டின் போன் முனையிலே உள்ள நாபெல் என்ற பட்டினமே அது. அந்தப் பிரதேசத்தின் கதை நமக்கு அந்நியமானது அல்ல.

1609ஆம் ஆண்டு முதல் 1614ஆம் ஆண்டு வரை ஸ்பெயின் அரசன் தன் நாட்டில் வாழ்ந்த மொரிஸ்கோ மக்களை வெளியேற்றினான். முஸ்லிம் முன்னோரின் வழிவந்த இம்மக்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம் பேர் வயலையும் வீட்டையும் விட்டுக் கப்பல் ஏற்றப்பட்டனர். அவர்களிற் பலர் துனீசியாவில் கரையிறங்கினர். போன் முனைப் பகுதியிலும் ஆற்றங்கரைகளிலும் அவர்கள் குடியேறினர். நீர்ப்பாசனமும் தோட்டக்கலையும் அவர்கள் கைவந்த தொழில்கள். போன இடத்திலே அவற்றைச் செய்து காட்டினர். நாபெலின் நாரத்தைத் தோட்டங்களையும் பூ வடிக்கும் வழக்கத்தையும் அந்த அந்தலூசியக் குடிகளோடு தொடர்புபடுத்தியே அவ்வூரார் பேசுவர். காணியைக் கொண்டுபோக முடியவில்லை. கைத்தொழிலைக் கொண்டுபோக முடிந்தது.

இன்றும் அங்கே பங்குனி கடைசியிலும் சித்திரையிலும் பூ அறுவடை நடக்கின்றது. மரத்தின் கீழ் சீலையை விரித்து, ஏணியில் ஏறி, பூவைக் கையால் பறித்து விழுத்துவர். பெரும் பங்கு ஆலைகளுக்குப் போகும். எஞ்சியதைப் பெண்கள் வீட்டு முற்றத்தில் செப்புக் கொதிகலத்தில் இட்டு வடித்து, கண்ணாடிக் குடுவைகளில் அடைத்து வருடம் முழுவதற்கும் வைப்பர். அந்தப் பூநீர் பலகாரத்துக்கும் கோப்பிக்கும் சேரும். வெயிலில் வாடிய முகத்துக்கும் பூசப்படும்.

ஒரு மரம், மூன்று எண்ணெய்

நாரத்தை மரத்தின் சிறப்பு, அதன் மூன்று பகுதிகளில் மூன்று வேறு வாசனை எண்ணெய்கள் இருப்பதாகும்.

பூ: பூவை நீராவியில் வடித்தால் 'நெரோலி' என்ற எண்ணெய் கிடைக்கும். 17ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் நெரோலா என்ற ஊரின் பிரபுக் குடும்பத்துப் பெண் ஒருவர் தம் கையுறைகளுக்கு இதைப் பூசியதால் இப்பெயர் வந்தது என்பர். ஏறத்தாழ ஒரு தொன் பூவுக்கு ஒரு கிலோ எண்ணெய்தான் கிடைக்கும். அதனால் விலை மிக அதிகம். காய்ச்சல் வந்தவரின் நெற்றியில் நம் வீடுகளில் ஓடிக்கொலோன் நனைத்த துணி போடுவதை அறிவீர்கள். ஜேர்மனியின் கொலோன் நகரில் 1709இல் தொடங்கிய அந்த வாசனை நீரின் மரபான கூட்டிலே நெரோலியும் சேரும். எண்ணெய் பிரிந்த பின் எஞ்சும் மணமுள்ள நீரே பூநீர்.

இலை: இலையையும் இளங்கொம்பையும் வடித்தால் 'பெற்றிகிறெய்ன்' என்ற எண்ணெய் கிடைக்கும். ஒரு தொன் இலைக்கு இரண்டு மூன்று கிலோ வரை வரும். தென் அமெரிக்காவின் பரகுவே நாட்டில் சிறு விவசாயிகள் இதை வடித்து விற்கின்றனர். சவர்க்காரம், வாசனைத் திரவியம் ஆகியவற்றில் இது சேர்கிறது.

காய்த்தோல்: தோலைப் பிழிந்து எடுப்பது மூன்றாவது எண்ணெய். இது மலிவானது, மணமானது. ஆனால் வெயிலோடு சேர்ந்தால் தோலைச் சுடுவதும் இதுவே. இதைப் பற்றி அடுத்ததாகப் பார்ப்போம்.

வெயிலும் நாரத்தைத் தோலும்

நாரத்தை, தேசி முதலியவற்றின் தோலில் 'பியூரோகூமரின்' எனப்படும் பொருள்கள் உள்ளன. இருட்டில் அவை பெரும்பாலும் தீங்கு செய்வதில்லை. ஆனால் அவை பட்ட இடத்தில் வெயிலின் புறஊதாக் கதிர் விழுந்தால் தோலின் உயிரணுக்கள் சேதமாகின்றன. இதனால் ஏற்படும் புண்ணின் ஒழுங்கு பின்வருமாறு:

- வெயில் பட்ட உடனே ஒன்றும் தெரியாது. அதனால்தான் பலரும் காரணத்தை அறிவதில்லை.
- சுமார் 24 மணித்தியாலத்தில் சிவந்து எரியும்.
- இரண்டாம், மூன்றாம் நாளில் கொப்புளம் பெருகும்.
- ஆறிய பின் கருமை வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் இருக்கும்.

உலகத்தின் வாசனைத் திரவியத் தொழிலுக்கு விதிகள் வகுக்கும் அமைப்பு, பிழிந்தெடுத்த நாரத்தைத் தோல் எண்ணெயை, வெயில் படும் தோலில் பூசி விடும் பொருட்களில் 100க்கு 1.25 பங்குக்கு மேல் சேர்க்கக் கூடாது என்று வரையறுத்துள்ளது. பிழிந்த தேசித் தோல் எண்ணெய்க்கு வரையறை இன்னும் குறைவு: 100க்கு 0.7 பங்கு. ஆய்வுகூடத்தில் அளந்து சேர்ப்பவர்களே இவ்வளவு கவனம் எடுக்கும்போது, நாம் வெட்டிய காயை அப்படியே தேய்க்கலாமா?

ஆவியில் வடித்த பூநீருக்கும் இலை நீருக்கும் இந்த ஆபத்து இல்லை. ஏனெனில் அந்தப் பொருள்கள் ஆவியோடு மேலே ஏறுவதில்லை, பானையிலேயே தங்கிவிடுகின்றன. வடித்தல் என்னும் தொழிலின் ஒரு நன்மை இது.

ஊறுகாய்க்குக் காய் அரியும் பெண்களும், சந்தைக்குத் தேசிக்காய் பொறுக்கும் பிள்ளைகளும் வேலை முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கையை முழங்கை வரை கழுவிய பின்னரே வெயிலுக்குப் போக வேண்டும். ஏற்கனவே சிவந்துவிட்டால் குளிர்ந்த நீரில் நனைத்த சுத்தமான துணியை வையுங்கள், வெயில் படாமல் மூடுங்கள், கொப்புளத்தை உடைக்காதீர்கள். பெரிய கொப்புளம், காய்ச்சல், சீழ் ஆகியவற்றுள் எது இருந்தாலும் வைத்தியசாலைக்குப் போக வேண்டும். என்ன பட்டது என்பதை வைத்தியருக்குச் சொல்ல மறக்காதீர்கள். சொல்லாவிட்டால் சுடுநீர் பட்ட காயம் என்று அவர் நினைக்கக் கூடும்.

பூநீர் வடிக்கும் முறை

தேவையானவை: மூடியுள்ள பெரிய பானை, பானைக்குள் வைக்கக்கூடிய சிறு கிண்ணம், கழுவிய கல் அல்லது செங்கல் ஒன்று, கோதுமை மா சிறிது, பூ அரைக் கிலோ, நல்ல தண்ணீர் ஒன்றரை லீற்றர், மூடியுடன் கண்ணாடிப் போத்தல்.

பூ குறைவாக இருந்தால் நீரையும் அதற்கேற்பக் குறைத்துக்கொள்ளுங்கள். கிருமிநாசினியோ பூச்சிமருந்தோ இருந்த பாத்திரத்தை எக்காரணம் கொண்டும் எடுக்க வேண்டாம். மருந்து தெளித்த மரத்தின் பூவும் வேண்டாம்.

1. விடியற்காலையில், பனி காய்ந்ததும் பூவை எடுங்கள். தோடைக் குடும்பத்தில் நூறு பூவில் சிலவே காயாகும். மற்றவை தாமே உதிரும். ஆகவே மாலையில் மரத்தின் கீழ் சுத்தமான சீலையை விரித்து வைத்து, காலையில் புதிதாக விழுந்த பூவைச் சேர்த்தாலே போதும். கொம்பை உலுப்பத் தேவையில்லை.
2. புழு, சருகு நீக்கி ஒரு தரம் நீரில் அலசுங்கள்.
3. பானையின் நடுவில் கல்லை வையுங்கள். சுற்றிவரப் பூவைப் போட்டுத் தண்ணீரை ஊற்றுங்கள். நீர் கல்லின் மேல்மட்டத்துக்குக் கீழே நிற்க வேண்டும்.
4. கல்லின் மேல் கிண்ணத்தை வையுங்கள்.
5. பானை மூடியைத் தலைகீழாகப் போடுங்கள். மூடியின் குமிழ் கிண்ணத்துக்கு நேராகக் கீழ் நோக்கி இருக்கட்டும். குழைத்த மாவை விளிம்பில் அப்பி ஆவி போகாமல் அடையுங்கள்.
6. மூடியின் குழிவில் குளிர்ந்த கிணற்றுநீர் ஊற்றுங்கள். அடுப்பைச் சிறு தீயில் எரியுங்கள். ஆவி மேலே சென்று, குளிர்ந்த மூடியில் பட்டு நீராகி, குமிழ் வழியாகக் கிண்ணத்தில் சொட்டும்.
7. மூடியின் மேல் உள்ள நீர் சுட்டதும் துணியால் ஒற்றி எடுத்துவிட்டுப் புதுநீர் ஊற்றுங்கள். இந்த வேலையைச் சோம்பலின்றிச் செய்வதிலேதான் பலன் தங்கியுள்ளது.
8. ஒன்றரை மணித்தியாலம் அளவில் நிறுத்துங்கள். இரண்டு தேநீர்க் கோப்பை அளவு கிடைத்தால் போதும். அதிக நேரம் எரித்தால் அவிந்த இலையின் மணம் ஏறும், பானையும் அடிப்பிடிக்கும்.
9. பத்துப் பதினைந்து நிமிடம் கொதிநீரில் அவித்த போத்தலில் ஊற்றி மூடுங்கள். அன்றைய திகதியை எழுதி ஒட்டுங்கள்.

பூநீரில் உப்போ சீனியோ சாராயமோ இல்லை. ஆகவே கிருமி இலகுவில் வளரும். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் இருட்டான, குளிர்ந்த இடத்தில் வைத்து ஒன்றிரண்டு கிழமைக்குள் முடித்துவிடுங்கள். கலங்கினாலோ, நூல் போல் ஏதும் மிதந்தாலோ, மணம் மாறினாலோ வெளியே ஊற்றிவிடுங்கள். போத்தலுக்குள் விரல் விடக் கூடாது. நாம் இவ்வாறு வடிப்பது தோலுக்கு மட்டுமே, குடிப்பதற்கு அல்ல. கண்ணிலும் விட வேண்டாம்.

தோலுக்குப் பாவிக்கும் வழிகள்

எதையும் முதன்முறை பூசும்போது முழங்கையின் உட்புறத்தில் சிறிதளவு தடவி ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள். கடியோ சிவப்போ இல்லாவிட்டால் மட்டும் தொடருங்கள். கைக்குழந்தைகளுக்கு இவற்றில் எதுவும் வேண்டாம்.

பூநீர்: வயலில் இருந்து வந்ததும் முகத்தையும் கழுத்தையும் நல்ல நீரால் கழுவி, சுத்தமான துணியில் பூநீரை நனைத்து ஒற்றலாம். தோல் குளிரும், வியர்வை நாற்றம் போகும், மணம் மனதுக்கு ஆறுதல் தரும். இதற்கு மேல் இது தோலை வெளுப்பாக்கும், சுருக்கத்தைப் போக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

பூ எண்ணெய்: ஒரு கைப்பிடி பூவை நிழலில் ஓர் இரவு வாட விடுங்கள். ஈரம் இருந்தால் எண்ணெய் சிக்குமணம் பிடிக்கும். வாடிய பூவைத் தேங்காய் எண்ணெயில் அமிழ்த்தி, அந்தப் பாத்திரத்தை வெந்நீருள்ள சருவச்சட்டியில் வைத்து ஒரு மணித்தியாலம் இளஞ்சூட்டில் வையுங்கள். பின் வடித்து எடுங்கள். இரவில் காலைக் கழுவித் துடைத்து, வெடித்த குதிக்காலிலும் உரசிய கையிலும் பூசலாம். ஈரத்தைக் காத்து வெடிப்பை ஆற்றுவது தேங்காய் எண்ணெயே. பூ தருவது மணம். பூக்காலம் இல்லாதபோது வெறும் தேங்காய் எண்ணெயும் அதே வேலையைச் செய்யும் என்பதை அறிந்திருங்கள்.

இலை நீர்: இரண்டு கைப்பிடி இலையைக் கசக்கிக் கொதிநீரில் மூடி வைத்து, ஆறியதும் குளிக்கும் நீரில் கலக்கலாம். இது வடித்த நீர் அல்ல. ஆகவே மாலைக் குளிப்புக்கே ஏற்றது. கடைசியில் வெறும் நீரால் ஒரு வாளி ஊற்றிக் கழுவிவிடுங்கள்.

தோல் மா: ஊறுகாய்க்குப் பின் மிஞ்சும் தோலை நிழலில் உலர்த்தி இடித்து அரித்து, அதன் ஒரு பங்குக்கு பயற்றம் மா நாலு பங்கு கலந்து, சவர்க்காரத்துக்குப் பதிலாகத் தேய்த்துக் குளிக்கலாம். உலர்ந்தாலும் தோலில் உள்ள அந்தப் பொருள்கள் அழிவதில்லை. ஆகவே மாலையில் மட்டும் தேய்த்து, நன்றாகக் கழுவிவிட வேண்டும். புண்ணுள்ள தோலில் பூசக் கூடாது. தலைக்குத் தேசிக்காய் அவித்து முழுகும் வழக்கத்துக்கும் இதே கவனம் வேண்டும்: கழுத்திலும் நெற்றியிலும் சாறு தங்காதபடி அலசிய பின்னரே வெயிலில் தலை காய வைக்கலாம்.

எதற்கு இது மருந்தாகாது?

நெருக்கமாக வாழும் இடங்களில் சிரங்கு விரைவாகப் பரவும். அது தோலுக்குள் துளைக்கும் மிகச் சிறிய உண்ணியால் வருவது. நாரத்தை அதைக் கொல்லும் என்று எண்ணி நாட்களைக் கழிக்கக் கூடாது. வைத்தியசாலையில் தரும் பூச்சு மருந்தை, கடி இருப்பவர் இல்லாதவர் என்று பாராமல், ஒரே நாளில் வீட்டில் உள்ள எல்லோரும் வைத்தியர் சொன்ன முறைப்படி பூச வேண்டும். உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் உலர்த்த வேண்டும். ஒருவர் தவறினாலும் சிரங்கு திரும்பி வரும்.

படர்தாமரை போன்ற பூஞ்சண நோய்க்கு நாரத்தை எண்ணெயைப் பூசிப் பார்த்த எகிப்திய வைத்தியர்கள் 1996இல் தம் முடிவை வெளியிட்டனர். அறுபது நோயாளரில் பலருக்குக் குணம் கண்டதாக எழுதினர். ஆனால் மருந்து பூசாத ஒரு பிரிவினரோடு ஒப்பிட்டு அது செய்யப்படவில்லை. கலப்பில்லாத எண்ணெய் சிலருக்கு எரிவையும் தந்தது. எனவே வீட்டில் காயைத் தேய்ப்பதற்கு அதை ஆதாரமாக எடுக்க இயலாது.

விற்கலாமா? கணக்குப் பாருங்கள்

நெரோலி எண்ணெயின் விலையைச் சொல்லி நாற்று விற்க வருவோர் இருக்கலாம். அவர்களுக்குப் பதில் சொல்ல ஒரு எளிய கணக்குப் போதும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஒரு தொன் பூ வேண்டும். ஒரு நல்ல மரத்தில் பத்துக் கிலோ பூ எடுத்தாலும் நூறு மரம் வேண்டும். ஆலை வேண்டும், வாங்குபவர் வேண்டும். ஒன்றிரண்டு மரம் உள்ள வீட்டுக்கு அது வழியல்ல.

பூநீரையும் பூ எண்ணெயையும் சிறிய அளவில் அயலில் விற்கலாம். அதற்கு முன் ஒரு தடவை வடித்து, இந்த நான்கையும் எழுதுங்கள்: விறகின் பெறுமதி, போத்தலின் விலை, எத்தனை மணித்தியால வேலை, கிடைத்த அளவு. அந்த நேரத்தில் கூலி வேலைக்குப் போனால் என்ன கிடைக்கும் என்பதையும் பக்கத்தில் எழுதுங்கள். விறகைக் காசு கொடுத்து வாங்கும் குடும்பத்துக்குப் பெரும்பாலும் தனியே வடிப்பது கட்டாது. நாலைந்து வீட்டார் பூவைச் சேர்த்து ஒரே அடுப்பில் வடித்தால் விறகு மிச்சமாகும். கடைக்குக் கொடுக்க எண்ணினால் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் முதலில் ஆலோசனை பெறுங்கள்.

சேர்ந்து செய்வதற்கு ஓர் உதாரணம் உண்டு. பிரான்சின் தென்கரையில் வல்லோரிஸ் என்ற ஊரில் நாரத்தைப் பூ பயிரிட்ட விவசாயிகள் 1904இல் 'நெரோலியம்' என்ற கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தனர். பூவை ஒரு நாளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அதனால் வாங்குபவர் சொன்னதே விலையாக இருக்கும். சங்கத்துக்குச் சொந்த வடிகலம் வந்ததும் பூவை எண்ணெயாக்கிப் பொறுத்திருந்து விற்க முடிந்தது. 1956ஆம் ஆண்டின் கடும் உறைபனி அப்பகுதி மரங்களைப் பெரிதும் அழித்துவிட்டது. மரம் போனதும் தொழிலும் சுருங்கியது.

நாற்றும் காணியும்

நாரத்தை விதையில் இருந்தே தாய்மரத்தின் குணத்தோடு பெரும்பாலும் முளைக்கும். ஒரு விதையில் இரண்டு மூன்று முளை வருவதும் உண்டு. வலுவானதை மட்டும் விடுங்கள்.

- பழுத்த பழத்தின் விதையைக் கழுவி நிழலில் ஒரு நாள் மட்டும் உலர்த்தி உடனே நடுங்கள். காய்ந்த விதை முளைக்காது.
- மணல், மேல்மண், உக்கிய சாணம் சம அளவில் கலந்து, அடியில் துளையிட்ட பால்மாப் பேணியிலோ பொலித்தீன் பையிலோ நிரப்பி, விரல் நகத்தின் ஆழத்தில் ஊன்றுங்கள்.
- மூன்று நாலு கிழமையில் முளைக்கும். அரை நிழலில் வைத்து அளவாக நீர் விடுங்கள்.
- இளம் இலையைப் பறவை எச்சம் போலத் தோன்றும் புழு தின்னும். அது எலுமிச்சை வண்ணத்துப்பூச்சியின் புழு. கையால் பொறுக்கி எடுத்தாலே போதும்.
- ஏறத்தாழ ஒரு வருடம் கழித்து இரண்டடிக் குழியில் நடலாம். மரத்துக்கு மரம் பதினைந்து அடி வேண்டும். விதைக்கன்று பூக்க ஐந்தாறு வருடமோ அதற்கு மேலோ செல்லும்.

நாரத்தைக் கன்றில் தோடையை ஒட்டுவது பல நாடுகளில் வழக்கம். ஆனால் 'திரிஸ்தேசா' என்ற வைரசு நோய் 1930களில் இருந்து தென் அமெரிக்காவில் அப்படி ஒட்டிய தோடை மரங்களை இலட்சக்கணக்கில் அழித்தது. ஆகவே ஒட்டுவதற்கு முன் விவசாயப் போதனாசிரியரைக் கேளுங்கள்.

ஐந்தாறு வருடம் என்றதும், "நாங்கள் அதுவரை இங்கே இருப்போமோ?" என்ற கேள்வி உங்களில் பலருக்கு எழும். அது நியாயமான கேள்வி. பேணியில் நிற்கும் கன்றை நீங்கள் எங்கே போனாலும் தூக்கிச் செல்லலாம். ஒரு வருடத்துக்கு மேலும் பெரிய பையில் வைத்து வளர்க்கலாம். இரவல் வளவில் நிலத்தில் நடுவதானால், நடுவதற்கு முன் உடைமைக்காரரோடு மூன்று விடயங்களைப் பேசுங்கள்: பூவும் காயும் யாருக்கு, நீங்கள் போகும்போது மரத்துக்கு என்ன, அதுவரை நீர் யாருடைய கிணற்றில். பேசியதை ஒரு தாளில் எழுதி இருவரும் ஒப்பமிட்டால் பின்னர் மனக்கசப்பு வராது. சொந்தக் காணியில் மரம் விட்டு வந்தவர்கள், திரும்பிப் போகும் நாளில் வேலியோரத்தில் அது நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அதில் இருந்து விதை எடுத்து அயலவருக்கும் கொடுங்கள்.

நினைவில் வைக்க வேண்டியவை

- பூவும் இலையும் வடித்த நீர் தோலுக்கு ஏற்றது. காய்த்தோலும் சாறும் வெயிலோடு சேரக் கூடாது.
- காய் தொட்ட கையைக் கழுவாமல் வெயிலுக்குப் போகக் கூடாது.
- பூநீரில் திகதி எழுதுங்கள். கலங்கினால் ஊற்றிவிடுங்கள்.
- சிரங்குக்கு மருந்து வைத்தியசாலையில். வீட்டார் எல்லோரும் ஒரே நாளில்.
- விற்கும் முன் கணக்கு எழுதுங்கள்.

கலந்துரையாடலுக்கு

1. புளியும் வெயிலும் பட்டுத் தோல் வெந்த அனுபவம் உங்கள் குடும்பத்தில் அல்லது அயலில் உண்டா? அப்போது காரணம் தெரிந்திருந்ததா?
2. உங்கள் சொந்த ஊரில் தோலுக்குப் பாவித்த இலை, பூ, காய் எவை? அவற்றில் எவை இப்போது இருக்கும் இடத்தில் கிடைக்கின்றன?
3. மொரிஸ்கோ மக்கள் தோட்டக்கலையைக் கொண்டுபோயினர். உங்கள் குடும்பம் கொண்டுவந்த தொழில் எது? அதைப் பிள்ளைகளுக்கு யார் சொல்லிக் கொடுக்கிறார்கள்?
4. நாலைந்து வீட்டார் சேர்ந்து ஒரு வடிகலம் வைத்தால், பூவை யார் நிறுப்பது, நீரை எப்படிப் பங்கிடுவது?

செய்து பாருங்கள்

வரும் பூக்காலத்துக்கு முன் ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பேணியில் இரண்டு நாரத்தை விதை ஊன்றுங்கள். முளைத்த நாளைப் பேணியின் மேல் எழுதி, பராமரிக்கும் பொறுப்பை வீட்டில் உள்ள பிள்ளையிடம் கொடுங்கள்.